ரேகை விழாத விரல்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

தமிழினி எழுதுவது. நான் சுகம். உன் முட்டிவலி கம்மியாகிவிட்டதா?

மாணவர் விசாவைப் புதுப்பிக்க நேற்று இங்கே இத்தாலியில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பயப்படாதே, கைரேகை இயந்திரம் என் விரல்களை ஏற்கவில்லை, அவ்வளவுதான். நம் ரேஷன் கடையில் செய்வதுபோல் விரலைத் தலைமுடியில் தேய்த்துத் தேய்த்து வைத்தேன். அதைப் பார்த்த அதிகாரி, ரேகையை வேண்டுமென்றே அழித்தாயா என்று கேட்கிறார்! ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான்கு வருடம் பசை தடவித் தேய்ந்த விரல் அம்மா இது. நான் ஒட்டிய ஷூவெல்லாம் இந்த நாட்டுக்குத்தான் வந்தது. அந்த ஷூக்களிடம் யாரும் ரேகை கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். நான் அங்கே வேலை பார்த்ததாகக் கம்பெனியில் ஒரு கடிதம் வாங்கி அனுப்பு. நீ எனக்குத் தேய்த்துவிடும் தேங்காய் எண்ணெயும் ஒரு பாட்டில் வேண்டும். விரலுக்குத்தான்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இன்னொன்று மட்டும். ரேகை விழவில்லையென்று ரேஷன் கடையில் அரிசி தராவிட்டால், "போனா போவுது, நாளைக்கு வர்றேன்" என்று நீ திரும்பிவிடுவாயே, இனி அப்படி வராதே. அங்கேயே உட்கார். நானும் இங்கே அந்த அலுவலகத்தில் உட்காரத்தான் போகிறேன்.

உன் மகள்,
தமிழினி