வண்டியில் இப்போது நன்றாகக் குளிர்கிறது

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. நீயும் சிட்டுவும் சுகமாக இருப்பதில் நிம்மதி. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். அதனால்தான் எழுத்து.

முதலில், இங்கே வாசலில் நிற்கிற என் மகனின் கார் விஷயம். விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், நீயே வைத்துக்கொள். மழை வந்தால் சிட்டுவைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட முடியவில்லை என்று நீதானே எழுதியிருந்தாய். ஏசி வேலை செய்யாததுதான் ஒரே குறை. அதையும் சரிபண்ணியாயிற்று.

முன்பக்கத்தில் ஏசி கேஸைக் குளிரவைக்கிற கன்டென்சரில் கல் தெறித்து ஓட்டை விழுந்திருந்தது. எத்தனை முறை கேஸ் அடைத்தாலும் நிற்காது. அவன் புதிது வாங்கி வைத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, "வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதுதாம்பா" என்றான். நானும் சரிடா என்றேன். அவன் போன பிறகு அந்தப் பெட்டியைப் பிரிக்க அத்தைக்கும் எனக்கும் மனசு வரவில்லை.

போன வாரம் பிரித்தேன். வண்டியை ஏசி மெக்கானிக்கிடம் கொண்டுபோய் மிச்சமிருந்த கேஸை எடுத்துவிட்டு, மீதி வேலையை வாசலில் வைத்து நானே செய்தேன். காலமெல்லாம் தையல் மிஷின் ரிப்பேர் பார்த்த கைக்கு இதென்ன பெரிய விஷயம் என்று ஒரு திமிர். பம்பரைக் கழற்றுவதற்குள் அந்தத் திமிர் இறங்கிவிட்டது. துருப்பிடித்த போல்ட் ஒன்று அரைநாளைத் தின்றது. முட்டியில் தோல் போனதுதான் மிச்சம்.

அத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உன் கடிதத்தில் அந்த வாத்தியாரைப் பற்றிப் படித்ததிலிருந்து அவள் சரியாகப் பேசவில்லை. வண்டியை உனக்குக் கொடுக்கப் போகிறேன் என்றதும், அவன் உட்கார்ந்த சீட்டில் இன்னொருத்தரா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள்மேல் வருத்தப்படாதே அம்மா. பெற்ற வயிறு.

புது கன்டென்சரை ஒருவர் தாங்கிப் பிடித்தால்தான் போல்ட் முடுக்க முடியும். அதன் தகடுகள் அவ்வளவு மெல்லிசு, நகம் பட்டாலே மடங்கிவிடும். தனியாக மல்லாடிக்கொண்டிருந்தேன். நான் கூப்பிடவில்லை. அவளாகவே வந்து, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பிடித்தாள். இரண்டு குழாய்களுக்கும் புது ரப்பர் வளையம் போட்டு, எண்ணெய் தடவி, நான் இறுக்கி முடிக்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்த வாத்தியார் நிதானமா ஓட்டுவாரா?"

எனக்கென்ன தெரியும் என்றேன். அவள் கன்டென்சரை இன்னும் கொஞ்சம் அணைத்துப் பிடித்தாள். பிறகு, "பின்னாடி சிட்டு உக்காந்திருப்பா. மெதுவாப் போகச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் மெக்கானிக் வந்து, உள்ளே இருந்த காற்றையெல்லாம் மெஷினால் உறிஞ்சி எடுத்து, கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு, கேஸ் அடைத்துக் கொடுத்தார். அவர் போன பிறகு நாங்கள் இருவரும் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றினோம். ஜில்லென்று காற்று வந்தது. அத்தை அந்தக் காற்றில் கையை வைத்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். அவன் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அவள் ஓய்கிற வரைக்கும் இன்ஜினை ஓடவிட்டேன்.

கல்யாணத்துக்கு எங்கள் சம்மதம் கேட்டிருந்தாய். நீ கேட்கவே வேண்டியதில்லை. கேட்டாயே, அதுவே எங்களுக்குப் பெரிசு. உனக்கு இன்னும் எவ்வளவோ வயது இருக்கிறது. தனியாகக் கிடந்து மாயாதே. நாங்கள் இருவரும் மனசார வாழ்த்துகிறோம். இருவரும் என்றுதான் எழுதுகிறேன். அத்தை பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

கல்யாணம் முடிந்ததும் அவரை அழைத்துக்கொண்டு வா. சாப்பிட்டுவிட்டு அவரே வண்டியை எடுத்துப் போகட்டும். சாவியை அத்தை கொடுப்பாள்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறோம். சிட்டு அவரை அப்பா என்று கூப்பிட்டால் தடுக்காதே, குழந்தை ஆசை தீரக் கூப்பிடட்டும். எங்களை மட்டும் தாத்தா, பாட்டி என்றே கூப்பிடச் சொல்லிக்கொடு. அவளை விட்டால் எங்களை அப்படிக் கூப்பிட வேறு யாரும் இல்லை.

என்றும் உன்
மாமா