சிட்டுக்கு வைத்த தனிச் சட்டி

ஏ சிட்டு,

அனுப்புநர்:
அற்புதம்மாள்,
காலஞ்சென்ற யாக்கோபு அவர்களின் மனைவி,
தங்கச்சிமடம், இராமேசுவரம் தீவு,
இராமநாதபுரம் ஜில்லா.

பெறுநர்:
கப்பல் பிரயாணிகள் புகார் விசாரணை ஆபீசர் அவர்கள்,
துறைமுகக் கச்சேரி,
நாகப்பட்டினம்.

பொருள்: பினாங்கு போகும் கப்பலில் இறந்துபோன என் மகள் ஜெபமாலைக்குக் கப்பல் சமையற்காரர் வாவு முகம்மது கோதுமை கொடுத்தாரா என்று, ஆம் அல்லது இல்லை என்று என்னிடம் பதில் கேட்டிருப்பது சம்பந்தமாக.

ஐயா அவர்களுக்குக் கும்பிட்டு எழுதிக்கொள்வது:

1. எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியில் இருப்பது என் மகளை வீட்டில் கூப்பிடுகிற பெயர். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மகள் பினாங்கு போய்விட்டால் அவளுக்குக் காகிதம் எழுத வேண்டுமே என்று, மறந்துபோன எழுத்தையெல்லாம் அவளிடமே உட்கார்ந்து திரும்பப் படித்தேன். அப்போது எழுதி எழுதிப் பழகினது அந்த ஒரு வரிதான். இன்றைக்குப் பேனாவை எடுத்ததும் கை தானாக அதை எழுதிவிட்டது. ஸ்டாம்பு ஒட்டிய காகிதம் ஆனபடியால் கிழித்துப் போடவில்லை. ஐயா அவர்கள் தப்பாக நினைக்கக் கூடாது.

2. தங்கள் ஆபீசிலிருந்து வந்த காகிதத்தைக் கோயில் சாமியார் எனக்குப் படித்துச் சொன்னார். சமையற்காரர் என் மகளுக்குக் கோதுமைப் பதார்த்தம் கொடுத்தது உண்மைதானா, ஆம் அல்லது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பவும் என்று இருக்கிறது. ஆம் என்றால் அவருடைய கப்பல் வேலைப் புத்தகம் ரத்து ஆகும், அப்புறம் எந்தக் கப்பலிலும் அவருக்கு வேலை கிடையாது. இல்லை என்றால் புகார் முடிந்ததாக வைத்துக்கொள்ளப்படும். இதில் எதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆம் என்று எழுதினாலும் பொய்யாகத் தோன்றுகிறது, இல்லை என்று எழுதினாலும் பொய்யாகத் தோன்றுகிறது. அதனால்தான் இந்த மனு.

3. முதலில் என் மகளின் வியாதியைச் சொல்ல வேண்டும். அதன் பெயர் எனக்கு வாயில் வராது. கோதுமை ஆகாத வியாதி. நாங்கள் கடல்காரர்கள், சோறும் மீனும் கேப்பைக் கூழும்தான் எங்கள் சாப்பாடு. அதில் அவள் நன்றாகத்தான் வளர்ந்தாள். பஞ்சத்துக்கு என்று கோயிலில் அமெரிக்கா கோதுமை மாவு கொடுத்தார்கள். நாங்களும் வரிசையில் நின்று வாங்கினோம். அதிலிருந்துதான் அவளுக்கு வயிறு ஊதவும் கைகால் சூம்பவும் தொடங்கிற்று. பேய் பிடித்திருக்கிறது என்றார்கள், குடல் ஏறிவிட்டது என்றார்கள், மந்திரித்தார்கள், எண்ணெய் போட்டு உருவினார்கள். அவள் மெலிய மெலிய, பிள்ளைக்குச் சத்துப் போதவில்லை என்று நான் இன்னும் ரெண்டு ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். சத்தான மாவு என்றுதானே கொடுத்தார்கள்.

4. கடைசியில் மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மாதான் கண்டுபிடித்தார்கள். எங்கள் வெள்ளைக்காரத் தேசத்தில் இந்த வியாதி உண்டு, இங்கே பார்ப்பது அபூர்வம், கோதுமையை நிறுத்து என்றார்கள். அவ்வளவுதான், வேறு மருந்தே கிடையாது என்றார்கள். மருந்தே இல்லாத வியாதியா என்று நான் அங்கேயே அழுதேன். ஆனால் நிறுத்தினதும் பிள்ளைக்கு முகத்தில் களை வந்துவிட்டது. அன்றிலிருந்து கோதுமை, மைதா, ரவை, ரொட்டி எதுவும் என் வீட்டுப்படி ஏறினதில்லை. பூசையில் ஆண்டவருடைய உடம்பு என்று நன்மை வாங்கும் அப்பமும் கோதுமை ஆனதினால், சாமியார் அவளுக்கு மட்டும் கடுகளவு கிள்ளி நாக்கில் வைப்பார். பின்னால் நிற்கிற பெண்கள், “ஏடி சிட்டு, ஆண்டவரையே கிள்ளி வாங்குறவ நீ ஒருத்திதான்டீ” என்று கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். யார் எது சொன்னாலும் அவள் மனம் கோணமாட்டாள். அடுத்தவர் மனம் கோணவும் விடமாட்டாள்.

5. பினாங்குத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் செபஸ்தியானுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம். அவர் முன்னாடியே போய்விட்டார். இவள் பின்னால் கப்பலில் தனியாகப் போகிறாள். கப்பலில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பதுதான் எனக்கு ஒரே கவலை. டாக்டரம்மா இங்கிலீசில் எழுதிக் கொடுத்திருந்த சீட்டை அவள் பைக்குள் வைத்துத் தைத்தேன். அவல், பொரியரிசி மாவு, கருவாடு எல்லாம் கட்டிக் கொடுத்தேன். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும், படகில்தான் ஏற்றிப் போவார்கள். படகில் உட்கார்ந்துகொண்டு, “யம்மா, நான் ஒண்ணும் கண்டதையும் தின்னுற மாட்டேன், நீ அழாம வீட்டுக்குப் போ” என்று கத்தினாள். அதுதான் நான் கடைசியாகக் கேட்ட பேச்சு.

6. அவள் பினாங்கு போய்ச் சேரவில்லை. வயிற்றுப்போக்கு கண்டு நடுக்கடலில் இறந்துபோனாள் என்று தந்தி வந்தது. கப்பல் டாக்டர் வயிற்றுக் கடுப்பு என்று எழுதியிருக்கிறார். உடம்பைக் கடலில் இறக்கிவிட்டார்கள். எங்கள் ஊரில் கடலில் போன ஆண்கள் உண்டு. கடலில் போன பெண் இவள் ஒருத்திதான்.

7. இவ்வளவு கவனமாக இருந்த பிள்ளைக்கு யாரோ கோதுமையைக் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. இராமநாதபுரம் போய் மனு எழுதுகிற மலையாண்டியிடம் சொன்னேன். சமையற்காரர் வேண்டுமென்றே அசட்டையாகக் கோதுமை கொடுத்துச் சாகடித்தார் என்று அவர் எழுதினார். வேண்டுமென்றே என்று நான் சொல்லவில்லையே என்று கேட்டதற்கு, “இப்படி அழுத்தி எழுதுனாத்தான் தாயி ஆபீசரு ஒரு கண்ணையாச்சும் தொறப்பாரு” என்றார். நானும் கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்கு வாவு முகம்மது என்கிற பெயர்கூடத் தெரியாது.

8. புகாரின்பேரில் கப்பல் கம்பெனியார் அவரை இறக்கிவிட்டார்கள். அவர் பெரியபட்டினத்துக்காரர். ஊருக்கு வந்தவர் நேராக என் வீடு தேடி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று பக்கத்து வீட்டு யாகப்பம்மாள் உலக்கையை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றுவிட்டாள். அவர் பையிலிருந்து ஓர் அலுமினியச் சட்டியை எடுத்துக் கீழே வைத்தார். அதன் காதில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. “தாயி, இது ஒங்க பிள்ளைக்குன்னு நான் தனியா வச்சிருந்த சட்டி. வேற யாருக்கும் இதுல பொங்கல” என்றார். யாகப்பம்மாள் உலக்கையைச் சுவரில் சாத்தினாள்.

9. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என் மகள் முதல் நாளே சீட்டைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினாளாம். அவருக்கு இங்கிலீசு தெரியாததினால் ஒரு கப்பல் ஆபீசரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, கோதுமை கூடாது என்று தெரிந்துகொண்டாராம். காலையில் எல்லாருக்கும் ரொட்டி, இவளுக்கு மட்டும் கஞ்சி. ரொட்டி மாவு பிசைகிற பக்கமே இவள் சட்டியை வைக்கவில்லையாம். “ஏலே, கரண்டிய மாத்திப் போட்டா கைய ஒடிச்சிருவேன்னு கூட வேலை செஞ்சவன வஞ்சிருக்கேன் தாயி” என்றார். கப்பல் ஆட்டத்தில் அவளுக்கு வாந்தி. அதில் வயிறும் கொஞ்சம் உப்பியிருக்கிறது. வீடாக இருந்தால் நான் ஓமத்தண்ணி காய்ச்சிக் கொடுத்திருப்பேன். கப்பலில் ஓமம் இல்லை. பெருங்காயம் இருந்தது. வயிற்று உப்பிசத்துக்கு எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்திருக்கிறார், ஒரு துண்டை வெந்நீரில் கரைத்து, ஆற்றிக் கொடுத்திருக்கிறார். ரசத்திலும் நிறையப் போட்டிருக்கிறார். வயிறு அடங்கவில்லை, போக்கு கண்டது. போக்கு கூடக் கூட இவரும் பெருங்காயத்தைக் கூட்டினார். கடைசி நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தவளுக்குத் தம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுகூட முழுவதும் குடித்துவிட்டு, “இப்பத் தேவலை பாய்” என்று சிரித்தாளாம். இதைச் சொல்லும்போது அந்த மனிதர் தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

10. மிச்சம் இருந்த பெருங்காயத்தை டப்பாவோடு என்னிடம் கொடுத்தார். “எல்லாத்தையும் காட்டிட்டேன் தாயி, இதுக்கு மேல அல்லா சாட்சி” என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் மீன் குழம்புக்குப் பெருங்காயம் போடுகிறதில்லை. என் வீட்டில் அது இருந்ததே இல்லை. டப்பாவை ரெண்டு நாள் அடுப்படியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பாம்பனில் மளிகை வைத்திருக்கும் ராமசுப்பிரமணியனிடம் கொண்டுபோய், இது எதில் செய்கிறது என்று சும்மாதான் கேட்டேன். அவர் சொன்னார்: “சுத்தப் பெருங்காயம் பிசினும்மா, அத அப்படியே நாக்குல வைக்க முடியுமா, எரிஞ்சு போகும். மாவு சேத்து இடிச்சுத்தான் கட்டியாக்குவான்.” என்ன மாவு என்று கேட்டேன். “சில பேர் அரிசி மாவு போடுவான். சில பேர் மைதா போடுவான்.” இது எந்த மாவு என்று கேட்டேன். “பெருங்காயத்த வாங்கிட்டு இம்புட்டுக் கேள்வி கேட்ட மொத ஆளு நீதான்” என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். டப்பாவில் யானைப் படம் போட்டிருக்கிறது. என்ன மாவு என்று போட்டிருக்கவில்லை.

11. மதுரைக்கும் போனேன். அந்த டாக்டரம்மா அவர்கள் தேசத்துக்குத் திரும்பிவிட்டார்கள். இப்போது இருக்கும் டாக்டர், இத்துணூண்டு மாவுக்கு ஆள் செத்துப்போகுமா என்றார். அப்படியானால் என் மகள் ஏன் செத்தாள் என்று கேட்டேன். வாந்தியில் உடம்பு வற்றிப்போயிருக்கும், தண்ணீரில் கிருமி இருந்திருக்கும், நீ சொல்வதும் ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம் என்றார். கடுகளவு அப்பம் அவளை ஒன்றும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் தம்ளர் தம்ளராகக் குடித்தது கடுகளவா? எனக்கு யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது. கோதுமை வேண்டாம் என்று காப்பாற்றினவர் கையாலேயே கோதுமை போயிருக்கிறதா? இல்லை, அரிசி மாவுதானா, அந்த மனிதரை நான் வீணாகத் தெருவில் நிறுத்திவிட்டேனா?

12. மலையாண்டியிடம் திரும்பவும் போனேன். “சொன்னத மாத்திச் சொன்னா ஒன்னையத்தான் தாயி உள்ள வைப்பாங்க” என்றார். அதனால் நானே எழுதுகிறேன். உள்ளே வைக்க வேண்டுமானால் வையுங்கள்.

13. ஐயா அவர்களிடம் நான் கேட்பது: வாவு முகம்மது என் மகளைத் தன் பிள்ளையைப் போல வைத்துப் பார்த்தார் என்பதற்கு நான் சாட்சி. அந்தச் சட்டி இப்போது என்னிடம்தான் இருக்கிறது, வேண்டுமானால் கொண்டுவந்து காட்டுகிறேன். அவர் வேலைப் புத்தகத்தை ரத்துச் செய்யாமல் அவரைக் கப்பலில் ஏற்ற வேண்டும். ஆனால் அதற்காகப் புகார் முடிந்தது என்று கட்டி வைத்துவிடக் கூடாது. இத்துடன் ஒரு துண்டுப் பெருங்காயம் துணியில் முடிந்து அனுப்பியிருக்கிறேன். சர்க்காரில் இதைச் சோதிக்கிற இடம் இருக்கும். இதில் இருப்பது அரிசி மாவா, கோதுமை மாவா என்று எனக்கு ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும். கோதுமையானால், இனி டப்பாவின்மேல் அந்த யானைக்குக் கீழேயாவது என்ன மாவு என்று அச்சடிக்க உத்தரவு போட வேண்டும். இந்த வியாதியோடு இன்னொரு பிள்ளை எந்தக் கப்பலிலாவது ஏறும்.

14. பாதித் துண்டை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அனுப்புகிற துண்டு தபாலில் தவறிப்போனால் என்ன செய்வது? இன்னும் சில நாளில் கல்லறைத் திருநாள். ஊரே கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோகும். என் மகளுக்குக் கல்லறை கிடையாது. பதில் எப்போது வந்தாலும் சரி, வாங்கிக்கொள்ள இங்கேயேதான் இருப்பேன்.

ஆம் என்றோ இல்லை என்றோ எழுதாததற்கு ஐயா அவர்கள் மன்னித்து, தெரியவில்லை என்பதையே என் பதிலாக ஏற்றுக்கொண்டு, தெரியும்படி செய்து கொடுக்க வேண்டும் என்று இரண்டு கையும் கூப்பிக் கேட்கிறேன்.

இடம்: தங்கச்சிமடம்
தேதி: 24.10.1963

இப்படிக்கு,
அற்புதம்மாள்
(நானே எழுதியது)

ஏ சிட்டு, காகிதத்தில் இன்னும் இடம் இருக்கிறது. பாய்கிட்ட தேவலைன்னு சொன்னியாமே, எனக்கும் நீ அப்படித்தான் சொல்லுவ, ஓமத்தண்ணி தீஞ்சு போயிருந்தாலும் தேவலைம்மான்னு குடிச்சு வைப்ப. வலி நிக்கும்னு நம்பித்தான் குடிச்சியா, இல்ல அந்த மனுசன் தம்ளரோட வந்து நிக்கிறாரேன்னு குடிச்சியா?