மாலைச் செபத்தில் ஓர் இடம்

சேசு மரி சூசை துணை

தல்லாகுளம்,
4.2.1974

பிரியமுள்ள சின்னத்தாய்க்கு,

முட்டி வலி தேவலையா? எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை, மூச்சுவிட நேரமில்லை.

ஒரு காரியமாக எழுதுகிறேன். மாலைச் செபம் தமிழுக்கு மாறி நாலு வருஷமாகிறது. ஆர்மோனியத்தோடு அந்தப் பாட்டுகளைக் கேட்டால் எனக்குச் செபிக்கவே மனம் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரிய மடத்தில் எல்லோரும் கூடும்போதாவது பழைய லத்தீன் பாட்டுகளைப் பாட அனுமதி கேட்டு மடத்துத் தலைவி மதருக்கு மனு எழுதியிருக்கிறேன். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. நீ இப்போது பெரிய மடத்தின் மூத்தவர்களில் ஒருத்தி. நீயும் போட்டால் மதர் தட்டமாட்டார். லத்தீன் தெரிந்தவர்கள் மட்டும் பாடுவோம். உன்னைப் போன்றவர்களுக்குச் சிரமமில்லை, பாட்டுக்குப் பதில் பழையபடி தமிழில் 'பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே' என்று பரலோக மந்திரம் சொல்லிக்கொள்ளலாம்.

மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன்.

கிறிஸ்துவுக்குள் உன் தோழி,
ஜெயக்கொடி

*

நாகமலை புதுக்கோட்டை,
8.2.1974

ஜெயக்கொடிக்கு,

மனுவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

நாம் இருவரும் ஒரே நாளில்தான் மடத்தில் சேர்ந்தோம். நீ எட்டாவது படித்தவள், பாட்டு வரிசையில் உட்கார வைத்தார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது, சமையல்கட்டுக்கு அனுப்பினார்கள். மணி அடித்தால் நீ கோயிலுக்குப் போவாய். நான் மாவாட்டிக்கொண்டே பரலோக மந்திரம் சொல்வேன். இருபத்திரண்டு வருஷம்! இதுதான் உன் ஊரில் சிரமமில்லாததா?

ஐம்பத்தொன்பதாம் வருஷம் பாஸ்கா ஞாயிறன்று அடுப்படியில் நின்றபடி நானும் உங்களோடு பாடிவிட்டேன். "கரண்டி பிடிக்கிற கைக்கு லத்தீன் எதுக்குடி?" என்று அப்போதிருந்த மதர் மூன்று நாள் சாப்பாட்டு அறையில் என்னை முழங்காலில் நிறுத்தினார். பாடியது யாரென்று அவருக்குச் சொன்னது யார்? என் குரல் தெரிந்தவள் அங்கே நீ ஒருத்திதான். பதினைந்து வருஷமாகக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்.

தமிழ்ப் புத்தகம் வந்த பிறகு, நாற்பது வயதில், அ ஆ எழுதிப் படித்தேன். இன்று பாட்டு வரிசையில் எனக்கும் இடமிருக்கிறது. அதை விட்டு அடுப்படிக்குப் போகிறேன் என்று நானே கையெழுத்துப் போட வேண்டுமாக்கும்! என்ன நெஞ்சழுத்தம் உனக்கு!

சின்னத்தாய்

*

தல்லாகுளம்,
11.2.1974

சின்னத்தாய்,

சொன்னது நான்தான். அன்று பாட்டை எடுத்துக்கொடுத்தவள் நான். என் குரல் பிசகியது, உன் குரல் பிசகவில்லை. எல்லோரும் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார்கள். பொறாமையில் போய்ச் சொல்லிவிட்டேன். அந்த மூன்று நாளும் உன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மனுவைக் கிழித்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

ஜெயக்கொடி

*

நாகமலை புதுக்கோட்டை,
14.2.1974

ஜெயக்கொடிக்கு,

உன்னை யார் கிழிக்கச் சொன்னது? லத்தீன் வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? அத்தனை பாட்டும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அர்த்தம்தான் தெரியாது. உங்களில் பாதிப் பேருக்கும் தெரியாது.

நானே வேறு மனு எழுதி மதரிடம் கொடுத்தேன். செப நேரத்தில் சமையல்கட்டைப் பூட்டிவிட வேண்டும், ஞாயிறன்று எல்லோரும் லத்தீனில் பாட வேண்டும், தெரியாதவர்களுக்கு நான் சொல்லித் தருவேன் என்று எழுதினேன். "அம்புட்டும் உங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்?" என்றார். பாடிக் காட்டினேன். வரும் ஞாயிறு முதல் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்.

மன்னிக்கச் சொல்லியிருக்கிறாய். கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இல்லையென்று எழுத எனக்கு வராது. ஞாயிறன்று நாலு மணி பஸ்ஸில் வந்துவிடு. என் பக்கத்து இடம் காலியாக இருக்கிறது. உட்கார்ந்து பாடு, என்னோடு பேசாதே.

சின்னத்தாய்