ஒரு பேட்டரி, ஒரு வயர் சுருள், ஒரு கடிகாரம்

மச்சான்,

நேற்று அவிசாவளையில் என் காரின் பேட்டரியை மாற்றினார்கள். பழையதை இறக்கும்போது மூடி கழன்று கொஞ்சம் அசிட் தரையில் சிந்தியது. மூக்கை அரிக்கும் அந்தப் புளித்த வாடை எழுந்ததும் நான் இரண்டடி பின்வாங்கினேன். "ஒண்ணுமில்லங்க சேர், தண்ணி ஊத்துனா போயிரும்" என்றார் மெக்கானிக். நான் பின்வாங்கியது அசிட்டுக்குப் பயந்து அல்ல என்பதை அவருக்கு விளக்க முடியாது. உனக்கு விளக்க முடியும். நீ போய் மூன்று வருடங்கள் கழித்து அதைச் செய்கிறேன். இந்தத் தாமதத்துக்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

யுத்தம் கடுமையாக நடந்த காலம் அது. நம் தோட்டத்து லயத்தில் ஒரே ஒரு டீவி, உன் ஒற்றை அறைக் காம்பராவில். கறன்ட் வராததால் கார் பேட்டரியில் ஓடியது. ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு அந்தச் சிங்களச் சிறுவர் தொடர். வீட்டில் உடைந்த எதையும் தானே திருத்தப் புறப்படும் ஓர் அப்பா. அவர் கை பட்டதும் அது இன்னும் மோசமாவதைப் பார்க்கக் காத்திருக்கும் ஐந்து பிள்ளைகள். நம் பிள்ளைகளுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. றப்பர் பால் வெட்டிவிட்டு வந்து உட்காரும் பெண்களுக்கு அது அரைகுறை. ஆகவே நீ பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்வாய். அந்த அப்பாவுக்கு நம் கணக்கப்பிள்ளையின் குரலைக் கொடுத்திருந்தாய். அதற்கு அதிகம் சிரித்தவர் கணக்கப்பிள்ளையின் மனைவிதான்.

தொடர் முடிந்தது; நிறைவாக இரண்டு மணித்தியாலப் படம் ஒன்று வரும் என்று அறிவித்தார்கள். பேட்டரி அதுவரை தாங்க வேண்டும். அதனால் அலாரம் அடித்த பிறகே பெட்டியைப் போடுவது என்ற உன் சட்டத்தை இறுக்கினாய். பேட்டரியைச் சார்ஜ் ஏற்றவும், நின்றுபோயிருந்த அலாரக் கடிகாரத்தைத் திருத்தவும் தெஹியோவிட்டவில் கொடுத்தாய்.

படம் வரவிருந்த ஞாயிறு மதியம் அவற்றை எடுத்துவர நாம் இருவரும் போனோம். எனக்குச் சட்டப் பரீட்சைகள் முடிந்திருந்தன; சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்ய இன்னும் ஆறு கிழமைகள். சார்ஜ் ஏறிய பேட்டரி, அன்டெனாவுக்கு வாங்கிய வயர் சுருள், டிக் டிக் என்று ஓடும் கடிகாரம், மூன்றையும் ஒரே உரப்பையில் வைத்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நமக்கு அந்த மூன்றும் சேர்ந்தால் படம். மற்றவர்களுக்கு அவை சேர்ந்தால் என்ன என்பது, தெரணியகலை வீதியில் ராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து, எல்லோரையும் இறக்கி, உன் பையைத் திறந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

திறந்த சிப்பாய் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். துவக்குகள் உயர்ந்தன. பஸ்ஸில் வந்தவர்கள் உன்னைச் சுற்றி ஒரு வெற்றிடத்தை விட்டு விலகினார்கள். ஒருவன் காலால் தள்ளிய வேகத்தில் பேட்டரி சரிந்து, அசிட் தார் வீதியில் நுரைத்தது. உன்னிடம் அடையாள அட்டை இல்லை. விண்ணப்பித்து வராததால் தோட்டக் கந்தோர் கொடுத்த கடிதம் மட்டுமே இருந்தது. சார்ஜன்ட் அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பேச்சு நடந்தது சிங்களத்தில். தமிழில் எழுதுகிறேன், உன் மொழிபெயர்ப்புப் போல வராது.

"நீயும் இவனும் ஒன்றா?"

"இல்லை, சேர். ஒரே பஸ்ஸில் வந்தோம், அவ்வளவுதான்."

நீ என்னைப் பார்க்கவேயில்லை. "ஆமாம் சேர், இந்த ஐயாவை எனக்கும் தெரியாது" என்றாய்.

ஜீப்பின் பின்கதவு திறந்தது. அதில் ஏற்றப்பட்டவர்களைத் தேடி வீட்டார் எத்தனை முகாம் வாசல்களில் நின்றார்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும். நீ கைகளைத் தலைக்குமேல் வைத்தபடியே அன்றைய படத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாய். சார்ஜன்ட் சற்று நின்றார். "என் மகளும் அதைத்தான் பார்க்கிறாள். நீ உண்மையிலேயே பார்க்கிறவனென்றால் சொல், போன கிழமை என்ன நடந்தது?"

போன கிழமை அந்த அப்பா ரேடியோவைத் திருத்தப் போய், அது வெடித்திருந்தது. அந்த இடத்தில், அந்தப் பையின் முன்னால், சரியான பதிலே சொல்லக் கூடாத சொல்லாக இருந்தது.

"ரேடியோ வெடித்தது, சேர்" என்றாய். சார்ஜன்ட் விடவில்லை: "வெடித்ததும் அப்பா என்ன சொன்னார்?" நீ கணக்கப்பிள்ளையின் குரலை எடுத்தாய், இம்முறை சிங்களத்தில்: "பழுது வெளியே வந்துவிட்டது, இனிப் பயமில்லை!"

முதலில் சிரித்தது பையைத் திறந்த சிப்பாய்தான்.

சார்ஜன்ட் கடிகாரத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். "இது இங்கே இருக்கட்டும். எனக்கு இன்று டியூட்டி. நாளை வந்து படத்தின் முடிவைச் சொல்லிவிட்டு வாங்கிப் போ." பஸ்ஸில் ஏறியதும் நீ என் பக்கத்தில் உட்காராமல், காலியாக இருந்த முன் ஆசனத்துக்குப் போனாய். என் பொய்யை இறங்கும் இடம்வரை நீதான் காப்பாற்றினாய்.

அசிட் சிந்திய பேட்டரி படத்தைக் கடைசிவரை இழுக்கவில்லை. அந்த அப்பா வீட்டை விற்கப் போகும் கட்டத்தில் உருவங்கள் நான்கு பக்கமும் சுருங்கி, ஒரு புள்ளியாகி அணைந்தன. "ஐயோ, அந்த வீட்ட வித்தாங்களா இல்லையா?" என்று ஒருத்தி கத்தினாள். "சும்மா இருங்கக்கா, படம் இன்னும் முடியல" என்று அதட்டிவிட்டு, இருண்ட கண்ணாடியைப் பார்த்தபடியே நீ தொடர்ந்தாய். வீடு விற்கப்படவில்லை. அந்த அப்பா திருத்திய ஒரு சாமான் முதல் தடவையாக வேலை செய்தது. வீட்டில் ஒருவரும் அதை நம்பவில்லை. உன் குரல் ஓயும்வரை யாரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் நீ தனியாகத்தான் சாவடிக்குப் போனாய். நான் விடியற்காலை பஸ்ஸில் கொழும்புக்குப் போயிருந்தேன். அவசரமான வேலை எதுவும் இருக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாய்: "முழுசாக் கேட்டாரு மச்சான். 'மக போன்ல சொன்ன முடிவு வேற'ன்னாரு. எனக்கு உசுரே போச்சு. அப்புறம் கடிகாரத்தக் கையில குடுத்து, 'ஒன் முடிவுதான் நல்லாருக்கு, ஓடிப் போ'ன்னாரு."

நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் மிகச் சாதாரணமாக ஒன்றைக் கேட்டாய்.

"ஏன்டா லோயரு, தெரிஞ்சவனத் தெரியும்னு சொல்லக் கூடாதுன்னு ஒங்க சட்டத்துல எங்கயாச்சும் இருக்கா?"

நான் தேநீர் கேட்டேன். நீயும் அதை மறுபடி கேட்கவில்லை. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் உன் கடைசிக் கிழமையில் ஐந்து நாட்கள் உன் கட்டிலருகே இருந்தேன். மருந்தைப் பற்றியும் கஞ்சியைப் பற்றியும் பேசினேன். இதைப் பேசவில்லை.

இன்று அடையாள அட்டை இல்லாதவர்களுக்காக நான் நீதிமன்றத்தில் நிற்கும்போது, என்னை நிதானமானவன் என்கிறார்கள். அந்த நிதானம் அன்று வீதியில் எந்த வேலையைச் செய்தது என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். ஒவ்வொரு முறை எழும்போதும் உன் கேள்வி என்னோடு எழுகிறது.

அதற்குப் பதில் எழுதுகிறேன். தான் வாதாடும் வழக்கில் சட்டத்தரணி சாட்சி சொல்லலாகாது என்று ஒரு விதி உண்டு. அன்று நான் சட்டத்தரணியும் அல்ல. உனக்காக ஒரு வார்த்தை வாதாடவும் இல்லை. ஆகவே இல்லை மச்சான், அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை.

உன்னை எனக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும். அந்தப் பையில் இருந்தது என்ன என்பதும் எனக்குத் தெரியும்.