ஒரு கழுவலில் வெளிறிய கடல்

செவ்வாய் இரவு, இஷா தொழுகைக்குப் பிறகு

என் கணவரோடு கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்களின் உதைபந்தாட்டக் குழுவுக்கு அச்சடிக்க, கல்முனையில் வெள்ளை ரீ-சேர்ட்டுகள் எடுத்து வந்தேன். விலையும் மலிவு, கன்னத்தில் வைத்தால் தூக்கம் வரும்போல மென்மை. "முழுக்கப் பொலியெஸ்டர்தான் ராத்தா," என்றான் கடைக்காரன். பொலியெஸ்டர் இவ்வளவு குளிர்ச்சியாக இருக்காது என்று கைக்குத் தெரிந்தது. மனம்தான் கையின் பேச்சைக் கேட்கவில்லை.

முதல் சட்டையில் நீலக்கடலும் தோணியும் அடித்து, கழுவிக் காயப்போட்டேன். பின்னேரம் அஸர் தொழுகை நேரம் பார்த்தால் கடல் வெளிறிக் கிடந்தது. ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். உருகவில்லை, கடதாசி மாதிரிச் சாம்பலானது. பருத்திதான். என் அச்சு மை பொலியெஸ்டரில்தான் பிடிக்கும், பருத்தியில் நிற்காது.

இவர் அதைப் போட்டுப் பார்த்து, "விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பொறகு கடல் இப்பிடித்தான் இரிக்கும் புள்ள. அவனுகளுக்கும் புடிக்கும், எல்லாத்தையும் அடி," என்றார். நானும் ஓம் என்றுவிட்டேன்.

இப்போது அதோடேயே தூங்குகிறார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோணி மெல்ல ஏறி இறங்குகிறது. இன்னொரு தடவை கழுவினால் கடலும் இராது, தோணியும் இராது. விடிந்ததும் மற்றச் சட்டைகளைக் கடைக்கே கொண்டுபோக வேண்டும்.

இந்த ஒன்றை மட்டும் கழுவமாட்டேன்.