படுக்கையை விட்டுக்கொடுத்தவர்

மேயோ,
மார்ச் 29

அன்புத் தம்பி டெக்லனுக்கு,

நானும் அப்பாவும் நலம். டப்ளினில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நேற்று டிவியில் கொரோனா பற்றிப் பிரதமர் பேசினாரே, வாய்தான் அவருடையது, வார்த்தை உன்னுடையது என்று அப்பாவுக்குத் தெரியாதா? "வீட்டு வாசலே போர்முனை. நாம் காலியாக விடும் ஒவ்வொரு மருத்துவமனைப் படுக்கையும் ஓர் உயிர்" என்றதும் மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். "எம் பையன் எழுதினதுடீ! நம்ம ஃபாதர்கூட இப்படிப் பேசினதில்ல!" என்று ஒரே அலட்டல். மதிலோரம் நின்று பக்கத்து வீட்டு மார்ட்டினுக்கும் ஒப்பித்தார்.

எனக்குத்தான் உறுத்துகிறது. நிஜமாகவே படுக்கை தேவைப்படுகிறவன் என்ன செய்வதாம்? அதை நீ சொல்லவே இல்லையேடா.

உன் அக்கா,
ஓர்லா

டப்ளின்,
ஏப்ரல் 3

அன்புள்ள அக்கா,

பள்ளிக்கூட டீச்சர் புத்தி உன்னை விடாது! "ஆனால்" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், ஆளுக்கொரு சாக்கு கிளம்பிவிடும். பேச்சில் ஓட்டை விடக் கூடாது. பலன் பார், தெருவே வெறிச்சோடிக் கிடக்கிறது. நாடே சொன்னபடி கேட்டது அக்கா!

அப்பாவுக்கு என் முத்தம்.

டெக்லன்

மேயோ,
ஏப்ரல் 12

டெக்லன்,

போனில் இருவரும் அழுதோமே தவிர, பேசவில்லை. நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

செவ்வாய் காலையிலேயே அப்பாவுக்கு நெஞ்சுவலி. டாக்டரைக் கூப்பிடப் போனேன். "போனைக் கீழ வை ஓர்லா. வெறும் வாயு. எம் பையன் ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, அவன் அப்பனே போய்ப் படுத்தா நல்லாவா இருக்கும்?" என்றார். கத்தினேன், கெஞ்சினேன். கடைசியில் அவருக்குத் தெரியாமல் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார். இதய வார்டில் பாதிப் படுக்கை காலியாம். "யாருமே வர்றதில்லம்மா" என்றார் டாக்டர்.

நம் வழக்கப்படி வீட்டில் உடலை வைத்து ராத்திரி முழுக்க ஊர்கூடிக் காவல் இருக்க முடியவில்லை. துக்கம் கேட்டு யாரும் கை குலுக்கவில்லை. சவ வண்டி போகும்போது ஊர் முழுக்கச் சாலையோரம் தள்ளித் தள்ளி நின்றது. ஊரடங்கில் உன்னை வரவிடவில்லை, அதற்கு உன்மேல் கோபமில்லை.

கோயிலில் பத்துப் பேருக்குத்தான் அனுமதி. நீ அனுப்பிய அஞ்சலியை ஃபாதர் என்னிடம் நீட்டினார். முதல் வரியிலேயே கண் கலங்கிவிட்டது, அவ்வளவு அழகு. நான் அதை எல்லார் முன்னாலும் வாசிக்கவில்லை. "ஆடு வளர்த்தார். பிடிவாதக்காரர். எங்கள் அப்பா" என்று எனக்கு வந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மன்னிப்புக் கேட்டு எனக்கு எழுதாதே. நீ எழுதினால் நான் நம்பிவிடுவேன்.

ஓர்லா