கொடிக்காலுக்குப் போன மருமகள்

பரமத்தி வேலூர்
10.3.1983

அன்புள்ள மாமாவுக்குச் சௌந்திரம் எழுதிக்கொள்வது. மேட்டூர் ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே என் வயிற்றைப் பற்றித்தான் பேச்சு.

பிள்ளை உண்டாவதற்காகச் சேலம் டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைச் சாப்பிடும்வரை தீட்டு வராது என்று சொன்னேனே. வீட்டில் சொல்லாதே என்றீர்கள், சொல்லவில்லை. தீட்டு நாளில் நம் பெண்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் கால் வைப்பதில்லை அல்லவா? இரண்டு மாதமாக நான் ஒரு நாளும் விடாமல் உள்ளே போவதை உங்கள் அம்மா கவனித்திருக்கிறார். "என்னம்மிணி, நாளு தள்ளிப்போச்சா? சாமி கண்ணத் தொறந்துட்டாரு!" என்று கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். உங்களுக்கு இரண்டாந்தாரமாகப் பேசிவைத்த சாரதாமணி வீட்டுக்கும் வேண்டாமென்று ஆள் அனுப்பியாயிற்று.

எனக்குப் பயமாக இருக்கிறது. வந்து உண்மையைச் சொல்லுங்கள். உங்களையும் சோதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா மறுபடி கேட்டார். அவருடைய ஆராய்ச்சியில் எத்தனையோ வீடுகளில் குறை ஆண்பிள்ளையிடம் இருந்ததாம்.

உங்கள் சௌந்திரம்

மேட்டூர் அணை
16.3.1983

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

நலம். நீ வாய்விட்டுப் பொய் சொன்னாயா? இல்லையே. சாரதாமணி பேச்சு தானாக அடங்கிற்று, விடு. மாத்திரை முடிந்ததும் நிஜமாகவே உண்டாகிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? டாக்டரம்மாவுக்கு வேறு வேலையில்லை. எனக்கென்ன குறை, கல்லு மாதிரி இருக்கிறேன்.

கந்தவேல்

பரமத்தி வேலூர்
18.4.1983

மாமாவுக்கு,

மாத்திரை முடிந்து நேற்றுத் தீட்டு வந்துவிட்டது. கரு கலைந்துவிட்டதென்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். வெற்றிலைக் கட்டைத் தூக்கச் சொன்னது தன் தப்பாம். "நாந்தான் கொன்னுபோட்டேன் சாமி" என்று என் காலைப் பிடிக்க வந்தார். பத்தியச் சோறு பிசைந்து ஊட்டுகிறார். இல்லாத பிள்ளைக்கு ஒரு மனுஷி அழுவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? உடனே வாருங்கள்.

சௌந்திரம்

மேட்டூர் அணை
22.4.1983

சௌந்திரத்துக்கு,

அழாதே. ஒரு விதத்தில் நல்லதுதான். ஒருமுறை உண்டானவள் என்று ஆகிவிட்டது. இனி உன்னை யாரும் மலடி என்று சொல்லமாட்டார்கள். என்னையும் கேட்கமாட்டார்கள். நாள் போனால் அம்மா மறந்துவிடுவாள். வாயைத் திறக்காதே.

கந்தவேல்

பரமத்தி வேலூர்
25.4.1983

மாமாவுக்கு,

திறந்துவிட்டேன்.

அடி விழும் என்று சுவரோரம் நின்றேன். அத்தை பத்தியச் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப நாங் கொல்லலயா?" என்றார். இல்லைங்க அத்தை என்றேன். அதற்கப்புறம்தான் கோபம் வந்தது. எனக்குச் சரியான வசவு, உங்களுக்கு அதைவிட. டாக்டரம்மா சொன்னதையும் கேட்டுக்கொண்டார். "கொறை என்ற மகங்கிட்ட இருந்தா, இன்னொருத்தி வந்து மட்டும் என்னத்தப் பெத்துருவா?" என்றார். நான் அழுதுவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை இருவரும் மேட்டூருக்கு வருகிறோம். உங்களைக் கூட்டிக்கொண்டு நேராகச் சேலம் டாக்டரம்மாவிடம் போகவேண்டும். சோதனையில் எது வந்தாலும் நான் உங்களோடுதான் இருப்பேன், அதில் சந்தேகமே வேண்டாம்.

அன்றைக்கு நீங்கள் அங்கே இல்லாவிட்டால், அப்படியே என் அம்மா ஊருக்குப் பஸ் ஏறிவிடுவேன். டிக்கெட் அத்தையே எடுத்துத் தருகிறாராம்.

சௌந்திரம்